சொல்லுக்கு முறை வைத்த ஊர்

அரைக்கால்பட்டி என்று ஒரு ஊர். வெள்ளைக்காரன் காலத்தில் நிலம் அளக்க வந்தவர், "இந்த ஊர் சரியா எங்கய்யா இருக்கு?" என்று கேட்டாராம். ஊர்ப் பெரியதனக்காரர் சடையப்பர் நன்றாக யோசித்து, "நாங்க இருக்கிறப்ப இங்கதாங்க இருக்கு. நாங்க வெளிய போனா எங்க போகுதுன்னு தெரியாது" என்று சொன்னார். ஆகவே வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது.

அந்த ஊர்த் தவசிக்கு ரொம்ப வருஷம் பெண் கிடைக்காமல் கடைசியில் செவந்தி என்ற பெண் கிடைத்தாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பெண்ணின் தாய்மாமன் வீரணன் கறாரான ஆள். வெற்றிலை மாற்றும்போதே சொல்லிவிட்டார்: "மாப்பிள்ளை அழைப்பன்னிக்கு ஊர் எல்லையிலிருந்து பந்தல் வரைக்கும் மாப்பிள்ளை தன் காலால நடந்து வரணும். தூக்கிட்டு வந்தா பொண்ணு கிடையாது." அதோடு வாயை மூடியிருக்கலாம். கிளம்பும்போது மரியாதைக்கு இன்னொன்றும் சொல்லித் தொலைத்தார்: "அதுவரைக்கும் எங்க மாப்பிள்ளையைக் கீழ விடாமப் பாத்துக்கங்க."

அன்று சாயங்காலமே தவசியை வைக்கோல் படப்பின் உச்சியில் ஏற்றி உட்கார வைத்தார்கள். சோறு மேலே போனது, தண்ணீர் மேலே போனது. மற்றதெல்லாம் எப்படி என்று நீங்கள் கேட்க வேண்டாம், நானும் சொல்ல மாட்டேன். மறுநாள் மத்தியானம் பயல் தூக்கத்தில் புரண்டான். "கீழ விடாதே, கீழ விடாதே!" என்று ஊரே கத்தியது. அவன் ஏற்கெனவே கீழேதான் கிடந்தான், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து.

"கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு, ஐயோ, என் செவந்தி போச்சே!" என்று தவசி அலறினான். கால் வலியை அவன் ஒரு பேச்சாகக்கூட எடுக்கவில்லை.

கட்டிலோடு தூக்கிக்கொண்டு கிழக்கே டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வெள்ளைக்கார டாக்டரம்மா காலை அமுக்கிப் பார்த்து, கம்பவுண்டர் தேவசகாயத்திடம் இங்கிலீஷில் என்னவோ சொல்லிவிட்டுப் போனார்.

"என்னய்யா சொன்னாங்க?" என்றார் சடையப்பர்.

"எலும்பை 'செட்' பண்ணணும்னு சொல்றாங்க. கட்டுற மாவு தீந்து போச்சு. நாளைக்குக் காலையில வாங்க."

"செட்டுன்னா?"

இந்தக் கேள்விக்காகவே தேவசகாயம் பல வருஷமாகக் காத்திருந்தார் போலிருக்கிறது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அதை லேசா நெனைக்காதீங்க. எலும்பைச் சேத்து வச்சா செட். பால் உறைஞ்சு தயிரானா செட். சூரியன் மேற்க மறைஞ்சா செட். மோதிரத்துல கல்லு பதிச்சா செட், எலிக்குப் பொறி வச்சா செட், கடியாரத்துல முள்ளைத் திருப்பி வச்சா செட், கூரைக்குத் தீ வச்சாலும் செட்தான். அகராதியில இந்த ஒத்தைச் சொல்லு பக்கம் பக்கமா உக்காந்திருக்கு."

ஊர்க்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த ஊரில் வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்துத் திறந்துவிடுகிறவன் மலையாண்டி, நியாயஸ்தன். அவன் கண் கலங்கிவிட்டது. "பாவம்ங்க. ஒத்தை ஆளு இத்தனை வேலை பாக்குதே! அதுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லியா?"

"இருக்கே. 'சிட்'டுன்னா உக்காரு. அதுக்குப் பொறந்ததுதான் 'செட்', உக்கார வைன்னு அர்த்தம். அந்தக் காலத்துல இங்கிலாந்து மண்ணுலயே வளந்த சொல்லு. அதே பேருல இன்னொருத்தன் இருக்கான். ஒரு கூட்டம் ஆளு, ஒரு வரிசைப் பாத்திரம், இதையெல்லாம் சொல்றவன். அவனுக்குப் பூர்வீகம் லத்தீன். பிரான்சு வழியா வந்து இவன் வீட்டுலயே குடியேறிட்டான். இப்ப ரெண்டு பேரும் ஒரே அடுப்புல சாப்பிடுறாங்க."

"கூட்டுக் குடும்பம்" என்றார் சடையப்பர். "நல்ல குலம். ஐயா, அந்தச் சொல்லை எங்களுக்குக் கொடுப்பீகளா?"

"தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்று தேவசகாயம் சிரித்தார்.

மாவாவது கட்டாவது! சொல்லே கைக்கு வந்த பிறகு நாளை வரை ஆஸ்பத்திரியில் ஏன் கிடக்க வேண்டும்? ஒரு பொட்டுத் தண்ணீரைக்கூடத் திருடாதவன் என்பதால் மலையாண்டியின் வாயில் சொல்லைப் போட்டார்கள். அவன் வாயை இறுக மூடிக்கொண்டான். வழியில் ஒருத்தன் "ஊருக்கு எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டதற்கு அவன் பதில் சொல்லாததோடு, பயத்தில் மூக்கையும் பொத்திக்கொண்டு கண்ணு பிதுங்க நின்றான்.

ஊருக்குள் வந்ததும் தகராறு ஆரம்பித்தது. தட்டானுக்குக் கல் பதிக்க வேண்டும். எலி பிடிக்கிறவனுக்குப் பொறி வைக்க வேண்டும். எல்லாருக்கும் அந்த ஒரே சொல்தான் வேண்டும்.

"என் காலுக்குத்தானடா வாங்கிட்டு வந்தீங்க!" என்று கட்டிலிலிருந்து தவசி கத்தினான்.

"சத்தம் போடாதே. தண்ணிக்கு ஒரு நியாயம், சொல்லுக்கு ஒரு நியாயமா?" என்றார் சடையப்பர். "மடைக்கு முதல் வீடு யாரு?"

பேச்சியம்மா வீடு. கல்யாணத்துக்குத் தயிர் ஊற்றித் தருகிறவள் அவள்தான். வாய்க்காலில் எப்போதும் அவளுக்குத்தான் முதல் முறை. ஆகவே சொல்லிலும் அவளுக்கே முதல் முறை என்று தீர்ப்பாயிற்று. தவசிக்கு வாய்க்காலின் வால்பகுதி வீடு. பயல் கதறினான், யார் கேட்டார்கள்?

பேச்சியம்மா பானை நிறையப் பாலை வைத்தாள். மலையாண்டி குனிந்து பானைக்குள் "செட்" என்று மெதுவாக இறக்கினான். அவன் மூக்கை எடுப்பதற்குள் அவள் மூடியை அறைந்து மூடினாள். உறைமோர் ஊற்றவில்லை. இம்மாம் பெரிய சொல் உள்ளே இருக்கும்போது ஒரு கரண்டி மோருக்கு என்ன வேலை? அப்போதிலிருந்து ஊரில் யாரும் அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை. அது பானைக்குள் அல்லவா இருக்கிறது!

பொழுது சாய்கிற நேரம். எலி பிடிக்கிறவன் திடீரென்று மேற்கே கையை நீட்டினான். "பெரியய்யா! சொல்லு பானையில இருக்கு. அப்ப சூரியன் எதை வச்சு மறையும்?"

ஊர் ஸ்தம்பித்துப் போயிற்று. விடிய விடிய வெயிலா என்று சிலர் குடை தேடினார்கள். சூரியன் பாட்டுக்கு இறங்கி மறைந்தது.

"களவு!" என்று மலையாண்டி அலறினான். ஓடிப்போய்ப் பானையைத் திறந்தார்கள். பால் பாலாகவே இருந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மூடிய பானைக்குள்ளிருந்து சூரியன் சொல்லைத் திருடிக்கொண்டு போய்விட்டது. முறை தெரியாத பயல்!

"மேற்க போய்ப் பிடிப்போமா?" என்றான் ஒருத்தன்.

"காலையில கிழக்கதானடா வருவான்? எதுத்தாப்புல நின்னு பிடிக்கணும்" என்றார் சடையப்பர். பெரியதனம் என்றால் சும்மாவா?

அதிகாலையிலேயே தவசியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கிழக்கே நடந்தார்கள். பறிகொடுத்த சொல்லை வாங்கியதும் சுடச்சுடக் காலில் வைத்துவிடலாம் என்று திட்டம். சூரியன் ஏற ஏற இவர்களும் நடந்தார்கள். கிழக்கே போகிற பாதை அது ஒன்றுதான் என்பதால் நேராக ஆஸ்பத்திரி வாசலில் போய் முட்டிக்கொண்டார்கள். "சொன்ன நேரத்துக்கு வந்துட்டீங்களே!" என்று தேவசகாயம் ஆச்சரியப்பட்டார். டாக்டரம்மா எலும்பைச் சேர்த்து வைத்து, வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"என்னம்மா பண்ணீங்க?" என்றார் சடையப்பர்.

"செட்" என்றார் டாக்டரம்மா.

சடையப்பர் மலையாண்டியைப் பார்த்தார். மலையாண்டி சூரியனைப் பார்த்து ஒரு முறை முறைத்தான். சொல் திரும்பி வந்துவிட்டது. மாவுக்கட்டுக்குள் பத்திரமாக இருந்தது.

கல்யாண நாள் நெருங்கியது. மாப்பிள்ளை அழைப்பு. வெயில் தாழ்ந்த நேரத்தில் வீரணன் எல்லையில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பந்தலுக்குப் போக மேற்குப் பார்த்து நடக்க வேண்டும். எதிரே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தவசி கட்டுப் போட்ட காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். ஒரு தடவை திருடியவன் மறுதடவை சும்மா இருப்பானா? சொல் போனால் கால் போகும், கால் போனால் செவந்தி போவாள். நாலு பேர் காலைச் சுற்றிக் கம்பளியைப் பிடித்து மறைத்துக்கொள்ள, பயல் கம்பை ஊன்றி அடி அடியாக எடுத்து வைத்தான்.

"கம்பளிக்குள்ள என்ன இருக்கு?" என்றார் வீரணன். "மரக்காலா? எடு கம்பளியை!"

"மாமா, அவன் மறையட்டும், அப்புறம் காட்டுறேன்."

"எவன் மறையணும்?"

"சூரியன், மாமா. பெரிய களவாணிப் பயல்."

வீரணன் கம்பளியைப் பிடுங்கி எறிந்தார். மாவுக்கட்டின்மேல் மஞ்சள் வெயில் பளீரென்று விழுந்தது.

"ஐயோ, பாத்துட்டானே!" என்று கத்தினான் தவசி. அப்புறம் ஓடினான் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம்! கம்பு ஒரு பக்கம், கட்டுப் போட்ட கால் ஒரு பக்கம், தங்கு தங்கென்று குதித்துப் பந்தல் நிழலுக்குள் பாய்ந்து, நிற்கத் தெரியாமல் மணவறையையும் சுற்றிவிட்டு விழுந்தான். பின்னாலேயே ஊர் முழுக்கக் கம்பளியோடு ஓடியது. மேளக்காரர்களும் எதற்கென்று தெரியாமல் ஓடினார்கள்.

வீரணன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "நடந்து வரத்தானடா சொன்னேன். பொண்ணு மேல இம்புட்டு ஆசையா!" என்று மீசையைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் தாலி ஏறியது. செவந்தி அவனுக்கே ஆனாள். பந்தியில் தயிர் மட்டும் இல்லை.

அதுதான் பேச்சியம்மாவுக்கு ஆறவில்லை. "முறை எனக்கு. களவு போனதுக்கு நான் என்ன பண்ணுவேன்? கட்டுப் பிரிக்கும்போது சொல்லு எனக்குத்தான்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். நியாயம்தானே? ஆறு வாரம் கழித்து ஊரே ஆஸ்பத்திரிக்குப் போனது. தேவசகாயம் மாவுக்கட்டை வெட்ட, தவசியின் காலுக்குக் கீழே பேச்சியம்மா பால்பானையை ஏந்தினாள். மாவு உதிர்ந்தது. அவள் டக்கென்று மூடினாள்.

"பானையில என்னம்மா?" என்றார் தேவசகாயம்.

"தயிருங்க."

"உறை ஊத்துனியா?"

"எதுக்கு?"

தேவசகாயம் தலையில் அடித்துக்கொண்டு தன் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து ஒரு கரண்டி மோரை அதில் ஊற்றினார். விடிந்து பார்த்தால் கத்தியால் வெட்டலாம் போல் கெட்டித் தயிர். ஊரே கூத்தாடியது. கல்யாணத்தில் விட்டுப்போனதற்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு கரண்டி என்று பானையை வழித்துத் தின்று தீர்த்தார்கள். கையை நக்கும்போதுதான் மலையாண்டிக்கு உறைத்தது.

"பெரியய்யா, சொல்லு எங்க?"

எல்லாரும் அவரவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள்.

"போகட்டும். ஊர்ச்சொத்து ஊருக்குள்ளதான இருக்கு" என்றார் சடையப்பர். "இனிமே நம்ம எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும். ஆனா தனித்தனியாப் பேச வராது. எல்லாரும் சேந்து நிக்கணும்."

கொஞ்ச நாளில் குதிரைமேல் ஒரு துரை அந்தப் பக்கம் வந்தார். "ஐயா, டவுனுக்கு எந்தப் பாதை?" என்று நல்ல தமிழில்தான் கேட்டார். சடையப்பர் கையைத் தட்டினார். ஊர் முழுவதும் ஓடிவந்து வரிசையாக நின்று ஒன்றாக வாயைத் திறந்தது. காற்றுதான் வந்தது.

சடையப்பர் வரிசையை எண்ணிப் பார்த்துவிட்டுப் பணிவாகக் கையைக் கட்டினார். "மன்னிக்கணும் துரை. தவசி மாமனார் வீட்டு விருந்துக்குப் போயிருக்கான். அவன் பங்கு குறையுது. நாலு நாள்ல வந்துருவான், வந்ததும் பாதை சொல்லிடறோம். நீங்க இறங்கி உக்காருங்க. அதுவரைக்கும் உங்க குதிரையைக் கீழ விடாமப் பாத்துக்கறோம்."

துரை இறங்கி வேட்டைத் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். குதிரை அதற்குள் படப்பில் பாதி ஏறியிருந்தது.