சுவாமி தூங்காத மத்தியானம்

எல்லோருக்கும் சாப்பாடு ஆயிற்றா? ஆகாதவர்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இது வெறும் வயிற்றோடு கேட்கக்கூடாத கதை.

வெகு காலத்துக்கு முன்னால் பூங்குன்றூரைத் தொந்திவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். அந்த ஊர்ப் பெருமாளுக்கு உச்சிவேளைப் பூஜை முடிந்ததும் தாலாட்டுப் பாடிக்கொண்டே பல்லக்கில் பிராகாரம் சுற்றி, ஊஞ்சலில் தூங்க வைப்பார்கள். பல்லக்குத் தூக்குகிறவர்கள் பாட்டு எப்படிப் போகிறதோ அப்படித்தான் அடி வைப்பார்கள். சுவாமி ஊஞ்சலில் அமரும்வரை பாட்டை நிறுத்தக்கூடாது. அதுவரை ஊரில் ஒருவரும், ராஜா உள்பட, ஒரு பருக்கைச் சோறு தொடக்கூடாது.

பழைய பாடகர் காலமாகிவிட, அந்த இடத்துக்குக் குழைக்காதன் என்பவன் வந்து சேர்ந்தான். நல்ல குரல், நல்ல ஞானம், அதைவிட நீளமான வாய். அந்த வாயாலேயே இரண்டு ஊரில் வேலையைத் தொலைத்தவன். இதுவும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"நான் பாடினால் பெருமாளே எழுந்து தாளம் போடுவார், மகாராஜா!" என்றான்.

"தூங்க வேண்டியவர் எழுந்துவிட்டால் எப்படியப்பா?" என்று ராஜா கவலைப்பட்டான். "சரி, பாடு. மூன்று சுற்றுக்குள் தூங்க வைத்தால் வேலை உனக்கு. இல்லையென்றால் மூட்டையைக் கட்டு. எனக்கு இப்போதே பசிக்கிறது."

குழைக்காதன் தொண்டையைச் செருமினான். ராஜா அசந்துபோக வேண்டுமே! உச்ச சுருதியில், துரித காலத்தில், வீரம் தெறிக்கும் அடாணா ராகத்தில் எடுத்தான் பாருங்கள் ஒரு தாலேலோ!

பல்லக்கு பறந்தது. பூஜை செய்த பட்டர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். குடை ஒரு பக்கம், சாமரம் ஒரு பக்கம். ஊஞ்சல் வந்தது, போயே போய்விட்டது.

"ஐயா, எங்க காலெல்லாம் உங்க தொண்டையிலதான் இருக்கு! கொஞ்சம் பாத்துப் பாடுங்க!" என்று முன்னால் தோள் கொடுத்த பொன்னப்பன் அலறினான்.

பதில் சொல்லவும் முடியாது, பாட்டை நிறுத்தக்கூடாதே. இரண்டாவது சுற்றில் குழைக்காதன் சுருதியை இறக்கினான். கத்தல் குறைந்தது, ஓட்டம் குறையவில்லை. ஊஞ்சல் மறுபடியும் வந்தது, மறுபடியும் போனது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

மூன்றாவது சுற்றில் காலத்தையும் இறக்கினான். ஓட்டம் நின்றது. ஆனால் ராகம் அதே அடாணாதான். தூக்குகிறவர்கள் நெஞ்சை நிமிர்த்தி, மீசையை முறுக்காத குறையாகச் சண்டைக்குப் போகிறவர்கள் மாதிரி நடந்தார்கள். சுவாமி குலுங்கிக் குலுங்கிப் போனார். கடைசித் திருப்பமும் வந்துவிட்டது.

அப்போதுதான் குழைக்காதன் முதல்முறையாகப் பெருமாளைப் பார்த்தான். அதுவரை ராஜாவைத்தானே பார்த்துக்கொண்டிருந்தான்! மாலை கழுத்தைவிட்டு நழுவி, கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்து, விளையாடிக் களைத்த குழந்தையாக இருந்தார் பெருமாள். "ஐயோ, உன்னை என்ன பாடு படுத்திவிட்டேன் கண்ணா!" என்று அவன் மனசு உருகிவிட்டது.

வேலையையும் மறந்தான், ராஜாவையும் மறந்தான். அந்த உருக்கத்தில் அடாணா கரைந்து, தூங்க வைக்கும் நீலாம்பரி தானாகவே வந்தது. தோள்கள் தணிந்தன. பல்லக்கு மெல்ல மெல்ல அசைந்து, ஊஞ்சலுக்கு எதிரே பூப்போல நின்றது. பெருமாள் ஊஞ்சலில் அமர்ந்தார்.

"மகாராஜா, இலை போட்டாயிற்று!" என்று சமையற்காரர் ஓடிவந்தார். யார் கேட்பது? பொன்னப்பன் தூணில் சாய்ந்து தூங்கினான். பட்டர் மணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினார். நடுவில் தொந்திவர்மன் பசியையும் மறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அந்தக் குறட்டைதான் குழைக்காதனுக்குக் கிடைத்த வேலை உத்தரவு.

ஆகவே, யாருக்காகப் பாடுகிறோமோ அவரை மறந்து தன் திறமையைக் காட்டப் பாடுகிறவனின் பாட்டு, எவ்வளவு வேகமாக ஓடினாலும், சேரவேண்டிய இடத்தில் போய்ச் சேராது.