தொடை நரம்பு

வார்சா பட்டணத்துல லெய்சர்னு ஒரு யூதப் பயில்வான் இருந்தான். ஏழு வருஷமா குஸ்திப் பட்டம் அவன்கிட்டதான். ஆளு எப்பேர்ப்பட்டவன்னா, அவங்க கல்யாணத்துல மாப்பிள்ளையை நாற்காலியோட தூக்கி ஆடுவாங்க இல்லையா, இவனைத் தூக்க எட்டுப் பேர் வந்தாங்க. நாற்காலிதான் ஒடைஞ்சுது. பொண்டாட்டி இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பா. சரி, அத விடுங்க.

அவனோட வாத்தியார் பேரு ஸெலிக். வாத்தியார்னதும் நரைச்ச தாடியை நெனைச்சுக்காதீங்க. லெய்சரை விட மூணு வயசு சின்னவன், ஆளும் ஒட்டடைக்குச்சி. கறிக்கடைதான் பொழப்பு. கடைக்குப் பின்னால வைக்கோல் பரப்பிக் குஸ்தி சொல்லிக்குடுப்பான். ஒரு தடவைகூட மேடை ஏறினதில்ல. ஆனா உடம்புல எந்த நரம்பு எங்க ஓடுதுன்னு அவன் கைக்குத் தெரியும்.

எட்டாவது வருஷப் போட்டிக்கு மூணே நாள். லெய்சர் நொண்டிக்கிட்டே கடைக்குள்ள வந்தான்.

"வாத்தியாரே, இடது இடுப்பு பிசகிடுச்சு."

"எப்படி?"

"மாமியாரோட பீரோவை மூணாவது மாடிக்கு ஏத்துனேன்."

"தனியாவா?"

"தனியாத்தான். உள்ள துணியெல்லாம் அப்படியே இருந்துச்சு."

"மாமியாரு?"

"அவங்க வெளியதான் இருந்தாங்க."

ஸெலிக் சிரிப்பை அடக்கிக்கிட்டான்.

"ஞாயித்துக்கிழமை என்னோட மோதப்போற யானெக் முன்னால நொண்டாம நடக்கணும் வாத்தியாரே. அவன் கண்ணுல பட்டுச்சுன்னா பட்டம் போச்சு. துணியைப் போட்டு இறுக்கிக்கூடப் பாத்துட்டேன். வேற எப்படி மறைக்கிறது, சொல்லுங்க."

ஸெலிக் ஒரு மாட்டுத் தொடையைத் தூக்கிக் கட்டையில போட்டான். கத்தியை நீட்டினான்.

"நரம்பை எடு."

தொடை நரம்பை யூதங்க திங்க மாட்டாங்க. கறிக்கடைக்காரன் அதை முழுசா உருவணும். ஸெலிக்கோட அப்பா இந்த வேலையில பெரிய கை, பக்கத்து ஊர்லேர்ந்தெல்லாம் வண்டி அனுப்புவாங்க. மனுஷனுக்குக் கறியே பிடிக்காது, அவிச்ச உருளைக்கிழங்குதான். அது தனிக் கதை.

லெய்சர் சின்னதா ஒரு கீறல் போட்டான். வெரலை விட்டு நரம்பை இழுத்தான். வரல. பலமா இழுத்தான். பட்டுன்னு அறுந்துச்சு. கறி கந்தலாயிடுச்சு.

ஸெலிக் இன்னொரு தொடையை எடுத்தான். மேலேர்ந்து கீழ வரைக்கும் பொளந்து விரிச்சு, ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் திருப்பினான். நரம்பு வெள்ளையா மின்னுச்சு. ரெண்டே வெரலால உருவிப்போட்டான்.

"எதுக்கு இதை நாம திங்கறதில்ல?"

"தெரியாதா வாத்தியாரே? நம்ம வேதத்துல யாக்கோபு ராத்திரி பூரா ஒருத்தனோட மல்லுக்கட்டுனாரு. அவன் இவரைத் தொடையில தொட்டு இடுப்பைப் பிசக வெச்சுட்டான், அந்த ஞாபகத்துக்குத்தான்."

"அப்புறம்?"

"அப்பவும் யாக்கோபு பிடியை விடல."

"விடிஞ்சதும் எப்படி நடந்து போனாரு?"

"நொண்டிக்கிட்டு."

"யார்கிட்ட மறைச்சாரு?"

லெய்சர் கத்தியைக் கீழ வெச்சான்.

ஞாயித்துக்கிழமை மண்டபத்துல எள்ளு போட எடமில்ல. லெய்சர் இடுப்புல இறுக்கியிருந்த துணிக்கட்டை அவுத்து எறிஞ்சுட்டு, மாப்பிள்ளை மாதிரி தலைய நிமித்தி, நொண்டிக்கிட்டே வந்தான்.

"டேய், யூதன் நொண்டிடா!"ன்னு ஒருத்தன் கத்தினான். கூட்டம் சிரிச்சுது. யானெக்கும் சிரிச்சான்.

மணி அடிச்சதும் யானெக் நேரா அந்த இடது காலுக்குத்தான் பாஞ்சான். வேற எங்க பாய்வான்? அந்தக் கை எங்க வரும்னு லெய்சருக்கு முன்னாலயே தெரியுமே. வந்த கழுத்தைக் கக்கத்துல வாங்கி ஒரே பொரட்டு. யானெக்கோட ரெண்டு தோளும் தரையில. முன்வரிசையில ஒருத்தர் அவிச்ச முட்டையை உரிச்சுக்கிட்டிருந்தாரு. பாதிகூட உரிக்கல, போட்டி முடிஞ்சுபோச்சு.

மறுநாள் காலையில லெய்சர் பட்டத்து பெல்ட்டைக் கொண்டாந்து கட்டை மேல வெச்சான்.

"எடு அதை. கறி வெக்கிற இடம்."

எடுத்தான். "நொண்டிக் காட்டி ஏமாத்துற வித்தையைத்தானே வாத்தியாரே சொல்லிக்குடுத்தீங்க?"

"இல்ல."

"பின்னே?"

"மேடையில இடுப்பு எப்படி இருந்துச்சு?"

லெய்சர் இடுப்பைத் தடவிப் பாத்தான்.

"ஞாபகமே இல்ல வாத்தியாரே. யானெக் கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

ஸெலிக் கத்தியைத் துடைச்சு ஆணியில மாட்டினான்.

"அப்போ இந்தத் தடவை நல்லா விரிச்சு வெளிச்சத்துல காட்டி, கறி கிழியாம நரம்பை எடுத்துட்ட."