உள்பக்கத் தாழ்ப்பாள்

செங்கமலம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள் கண் மூடிக் கிடந்தாள். முந்தின ராத்திரி வலிப்பு வந்து அடங்கிய பிள்ளை.

ஆறு கரையுடைத்துக் குடிசைகள் போனதிலிருந்து, பதினோரு குடும்பமும் பண்ணையின் பழைய நெற்களஞ்சியத்தில்தான் இருந்தது. பொழுது சாய்ந்ததும் காரியஸ்தர் ராமபத்திரன் வந்து வெளியே தாழ்ப்பாள் போடுவார். விடிந்ததும் வயல் வேலைக்குத் திறந்துவிடுவார். நேற்று பிள்ளைக்கு வலிப்பு வந்தபோது எல்லாரும் உள்ளேயிருந்து கதவைத் தட்டிக் கத்தினார்கள். யாரும் திறக்கவில்லை.

அவர்களோடு சாமியம்மா என்ற துறவியும் தங்கியிருந்தாள். செங்கமலத்தைவிட இரண்டு வயது இளையவள். ஆனாலும் செங்கமலத்துக்கு அவள்தான் குரு.

"சாமி, இதைக் கட்டினவங்க எப்பேர்ப்பட்ட ஆளுங்க! ரெண்டு முழச் சுவரு. எலி நுழையாது, ஈரம் ஏறாது. நெல்லை மேல் ஜன்னல்ல கொட்டி, கீழ்க் கதவுல அள்ளிக்கலாம். உள்ள தாழ்ப்பாள் வைக்க மட்டும் மறந்துட்டாங்களே?"

"மறக்கல. நெல்லு எழுந்து வந்து கதவைச் சாத்துமா?"

"அதுக்கப்புறமும் யாரும் வைக்கலையா?"

"பஞ்சத்துல கதிர் திருடினவங்களை அடைச்சாங்க. அப்புறம் காளை கட்டினாங்க. கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் நடந்துச்சு."

"பள்ளிக்கூடத்துக்கும் வெளியிலயா தாழ்ப்பாள்?"

"வாத்தியாரே வெளியிலதான் இருப்பாராம்."

செங்கமலம் சிரித்துவிட்டாள். பிள்ளையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இன்னைக்கும் அடைப்பாங்களே சாமி. நான் என்ன செய்ய?"

சாமியம்மா எழுந்துபோய் ஒரு சுத்தியல் கேட்டு வாங்கி வந்தாள். வெளித் தாழ்ப்பாளைப் பெயர்த்தாள். அதையும் ஆணிகளையும் சுத்தியலையும் செங்கமலத்திடம் நீட்டினாள்.

"நீயே அடி."

செங்கமலம் அதைக் கதவின் உள்பக்கம் வைத்து அடித்தாள். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது தெறித்தது. மூன்றாவது இறங்கியது.

வயலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். எல்லாரும் உள்ளே வந்ததும் செங்கமலம் தாழ்ப்பாளைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ராமபத்திரன் வந்து கதவைத் தள்ளிப் பார்த்தார்.

"எவடி உள்ள தாழ் போட்டது? திற!"

"எதுக்குங்க?" என்றாள் சாமியம்மா.

"எதுக்கா? கதவைச் சாத்தத்தான்!"

"சாத்தித்தானே இருக்கு."

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இது நெல்லு போடுற இடம்! யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

வெளியே அவர் அங்கேயும் இங்கேயும் நடக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் கதவைத் தட்டினார்.

அந்தக் கதவை உள்ளேயிருந்து எத்தனையோ பேர் தட்டியிருக்கிறார்கள். வெளியேயிருந்து அதுவரை யாரும் தட்டியதில்லை.

"சாமி, திறக்கட்டுமா?"

"ஆணி அடிச்சது யாரு?"

"நான்தான்."

"பின்ன என்னைக் கேக்குற."

செங்கமலம் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இத்தனை நாளில் அவரிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஐயா, கீரைக்கஞ்சி ஆற வச்சிருக்கேன். பிள்ளைக்கு ரெண்டு வாய் ஊட்டிட்டு வர்றேன். அதுக்கப்புறம் திறக்கலாம்னு எனக்குத் தோணுச்சுன்னா—"

"அம்மா," என்று கூப்பிட்டது பிள்ளை.