முருங்கை விறகில் வெந்நீர்

மிராசுதார் ரங்கபூபதிக்கு இருபது வருஷம் விறகு பிளந்த ஒண்டிமுத்து செத்துப்போனான். அவன் பெண்டாட்டி செவத்தி அந்த வீட்டில் வெந்நீர் போடுகிறவள். சிதைக்குக் கருவேலங்கட்டை கேட்டாள்.

"எரியறதிலே எல்லாக் கட்டையும் ஒண்ணுதான்" என்று சொல்லி, கொல்லையில் காய்ந்து விழுந்திருந்த முருங்கையின் அடிமரத்தைக் கொடுத்தார் மிராசுதார். அது குபுகுபுவென்று பற்றிச் சீக்கிரமே அணைந்தது. உடல் பாதிதான் வெந்தது.

மறுநாளே, சம்பந்தி வந்திருக்கிறார் என்று செவத்தியை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். குளிக்க உட்கார்ந்த மிராசுதார் ஒரு சொம்பு ஊற்றியதும் துள்ளினார்.

"என்னடி இது, பச்சைத் தண்ணி!"

"முருங்கைக் கிளையிலே போட்டேன் சாமி. எப்பவும் வைக்கிற அளவுதான்."

"கூறுகெட்டவளே! முருங்கையிலே ஏதுடி சூடு? கருவேலத்திலே பாதிகூட வராதே!"

"நேத்து எல்லாம் ஒண்ணுன்னீங்களே. ஒரு அண்டாத் தண்ணியே காயலை, என் வீட்டுக்காரரு எப்படிச் சாமி வெந்திருப்பாரு?"

அடுத்துக் குளிக்கத் துண்டோடு நின்றிருந்த சம்பந்தி தலைகுனிந்துகொண்டார். மிராசுதார் ஈரத்தோடு எழுந்து, வண்டி நிறையக் கருவேலம் ஏற்றச் சொன்னார்.

மத்தியானம் சுடுகாட்டில் தீ நின்று எரிந்தது. ஊரெல்லாம் செவத்தியின் வாயை மெச்சியது. அவளோ ஒரே புருஷனுக்காக இரண்டாம் தடவை அழுதுகொண்டிருந்தாள்.