முதலாளியின் பால்கூட்டு

மெஸ் முதலாளி தணிகாசலம் தன் பாகற்காய்ப் பால்கூட்டை யாரும் கேட்காமலே எல்லா இலையிலும் வைக்கச் சொல்வார். அது அப்படியே எச்சில் வாளிக்குப் போகும். திட்டு மட்டும் இலை எடுக்கிற செல்லக்கிளிக்கு.

"இன்னைக்கு வாளி நிரம்புச்சுன்னா உனக்கு வேலை கிடையாது."

"சரிங்க முதலாளி."

வாளியைக் காவல் காக்க, முதலாளி அன்று வாடிக்கையாளர்கள் நடுவிலேயே சாப்பிட உட்கார்ந்தார். எல்லாவற்றையும் வழித்துத் தின்றார். கூட்டை மட்டும் ஓரமாக ஒதுக்கி, இலையை மடித்தார். செல்லக்கிளி அசையவில்லை.

"ஏன் நிக்கிற? எடு."

"எடுத்தா வாளி நிரம்பிடும், என் வேலை போயிடும். அந்தக் கூட்டையும் சாப்பிட்டுருங்க முதலாளி, எடுத்துடறேன்."

மெஸ்ஸே கையை நிறுத்திவிட்டு அவர் இலையைப் பார்த்தது. ஒரு வாய் வைத்தார். விழுங்கத் தண்ணீர் கேட்டார்.

மறுநாள் முதல் கேட்டவர்களுக்கு மட்டும்தான் கூட்டு. இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.