காயமில்லாத மிளாவும் பகடிக் கரிச்சானும்

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் வற்றிக்கொண்டிருந்தது. அதன் கரையில், நாவல் மரத்தடியில், தவிட்டி என்ற மிளா படுத்தே கிடந்தாள். மிளா என்றால் துள்ளித் திரியும் புள்ளிமான் இல்லை. குதிரைக்குட்டி உயரத்துக்கு நிற்கும் பெரிய மான். தவிட்டியும் பார்க்க வாட்டசாட்டமாகத்தான் இருப்பாள். ஆனால் உடம்பு முழுக்க வலி! கழுத்தில் தொடங்கும், தோளுக்கு இறங்கும், இடுப்பில் உட்காரும், முழங்காலில் குடியேறும். காலையில் கண் விழித்தால் யாரோ ராவெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். ஈ உட்கார்ந்தாலும் வலி. காற்று வீசினாலும் வலி.

ஒரு கீறல் இல்லை. ஒரு வீக்கம் இல்லை. அதுதான் வினையாய்ப் போயிற்று.

மந்தி வைத்தியர் வந்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். காதுக்குள் எட்டிப் பார்த்தார். நாக்கை இழுத்துப் பார்த்தார்.

"காயம் எங்கே?"

"உடம்பு பூரா வலிக்குது ஐயா."

"அது சரி, காயம் எங்கே?"

"காயம் இல்லை ஐயா."

"காயம் இல்லாமல் வலியா? நெருப்பு இல்லாமல் புகையா? என் நேரத்தை வீணாக்காதே!"

"என் நேரத்தை வீணாக்காதே! காயம் எங்கே? காயம் எங்கே?" என்று மேல்கிளையிலிருந்து இன்னொரு குரல் வந்தது. அச்சு அசல் வைத்தியரின் குரல்! வைத்தியர் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அங்கே உட்கார்ந்திருந்தவன் பகடி. கரேலென்ற உடம்பு, வால் நுனியில் துடுப்பு மாதிரி இரண்டு இறகு. கரிச்சான் குருவி. அந்தக் காட்டில் அவன் பேசாத குரல் கிடையாது. ஆந்தையாக அலறுவான், குட்டி யானையாகப் பிளிறுவான், மாமியார் மயிலாக மருமகளை ஏசுவான்.

"வைத்தியரே! காயம்னா உடம்புன்னும் ஒரு அர்த்தம் இருக்கு, தெரியுமா? அவளுக்குக் காயமே காயம்!"

வைத்தியர் ஒரு நாவல் கொட்டையை விட்டெறிந்துவிட்டுப் போனார். கரையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். தவிட்டி சிரிக்கவில்லை. சிரித்தால் விலா வலிக்கும்.

வைத்தியர் கைவிட்டால் ஊரே வைத்தியர்தானே! ஆமை வந்தது. "அசையாதே கண்ணு. அசைஞ்சா எலும்பு தேஞ்சு போயிரும். என்னைப் பார், நான் அசையறேனா?" என்றது. தவிட்டி ஒரு மாதம் அசையவில்லை. வலி குறையவில்லை, தொடைதான் குறைந்தது. பிறகு காட்டுப்பன்றி வந்தது. "படுத்துக் கிடந்தா இப்படித்தான்! ஓடு! ஒரே மூச்சில் மேட்டில் ஏறு! வலி தெறிச்சு ஓடும்!" என்றது. தவிட்டி ஓடினாள். அப்புறம் ஒன்பது நாள் எழவில்லை. தெறித்து ஓடியது மிச்சமிருந்த தெம்புதான்.

அந்த வாரம் மிளாக் கூட்டத்துத் தலைவி நெட்டச்சி எல்லோரையும் கரைக்குக் கூப்பிட்டாள்.

"குளத்து நடுவில் யானைப்பாறை நிக்குதே, அதோட அடி என்னைக்குத் தெரியுதோ அன்னைக்குக் கிளம்பறோம். மலை மேலே சுனை இருக்கு. ஏறுறவங்க ஏறலாம். ஏற முடியாதவங்களுக்காக யாரும் நிக்கப் போறதில்லை. செந்நாய்க் கூட்டம் பக்கத்துப் பள்ளத்துக்கு வந்தாச்சு."

எல்லோருடைய கண்ணும் தவிட்டி மேல் விழுந்தது. தண்ணீர் இன்னும் பாறையின் இடுப்பளவு இருந்தது.

"ஏண்டி, கொஞ்சம் மனசு வைக்கக் கூடாதா?" என்றாள் அவளுடைய அக்கா கூரி.

"மனசு வைக்கிறேன் அக்கா. உடம்புதான் வைக்க மாட்டேங்குது."

இதையெல்லாம் கிளையிலிருந்து கேட்ட பகடிக்கு வாய் அரித்தது. மறுநாள் மத்தியானம், கூட்டம் முழுவதும் அசைபோட்டுக்கொண்டிருந்த நேரம். பகடி தொண்டையைச் செருமிக்கொண்டான். அடுத்த நொடி புதருக்குள்ளிருந்து ஒரு உறுமல்! சிறுத்தை!

கூட்டம் சிதறியது. எழவே முடியாத தவிட்டி எழுந்தாள், பாய்ந்தாள், மூன்று புதரைத் தாண்டிப் போய் நின்றாள். நெஞ்சு உலக்கை இடிப்பதுபோல இடித்தது.

"கீச் கீச்! ஏமாந்தாச்சு! ஏமாந்தாச்சு!" என்று பகடி கிளையில் குட்டிக்கரணம் போட்டான்.

நெட்டச்சி அவனைப் பார்க்கவில்லை. தவிட்டியைப் பார்த்தாள். "ஓ! மகாராணிக்குக் கால் நல்லாத்தான் இருக்கா! இத்தனை நாளும் நாடகமா?"

"அத்தை, பயத்திலே..."

"போதும்! பயத்திலே ஓடற கால், பாசத்திலே நடக்காதா?"

கூரியோ தங்கைக்காகக் கொண்டுவந்திருந்த புல்லை வாயிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். தவிட்டிக்கு அதுதான் எல்லா வலியையும்விட வலித்தது. அன்று சாயங்காலமே அவள் உடம்பு மொத்தமாக மடங்கியது. நான்கு நாள் தலையைக்கூடத் தூக்கவில்லை. அந்த நான்கு நாளை யாரும் வந்து பார்க்கவும் இல்லை.

பகடி மட்டும் பார்த்தான். மரத்தின் மேலே இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் அல்லவா! ஐந்தாம் நாள் காலை மெதுவாகக் கீழ்க்கிளைக்கு இறங்கினான். தன் சொந்தக் குரலில் பேசினான். அந்தக் குரல் ரொம்பச் சின்னது.

"அக்கா... நான்தான்."

"போய்த் தொலை."

"போறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு உன் நெஞ்சு அடிச்சதே, அது பொய்யா?"

"பொய்யா? வெடிச்சிரும்னு நினைச்சேன்!"

"கால் நடுங்கினது?"

"மெய்."

"அப்போ சிறுத்தை?"

தவிட்டி யோசித்தாள். "சிறுத்தை பொய்."

"அதேதான் அக்கா! நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்லை, இதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். உன் உடம்புக்குள்ளே ஒரு கரிச்சான் உட்கார்ந்திருக்கான். என்னை மாதிரியே ஒரு அயோக்கியன்! உன்னைக் காக்கத்தான் வந்தான். எப்பவோ, எதனாலோ பயந்துட்டான். இப்போ ஈ உட்கார்ந்தாலும் 'சிறுத்தை!'ன்னு கத்தறான். காற்று வீசினாலும் 'சிறுத்தை!' அவன் கத்தக் கத்த உனக்கு வலிக்குது."

"அப்போ நீயும் என் வலி பொய்ங்கறியா?"

"ஐயையோ! வலி மெய் அக்கா! சிறுத்தைதான் பொய்!"

இத்தனை நாளில் யாரும் தவிட்டியிடம் அப்படிப் பிரித்துச் சொன்னதில்லை. வலி உண்டு என்றவர்கள் அசையாதே என்றார்கள். அசை என்றவர்கள் வலி இல்லை என்றார்கள்.

அவள் கண்ணில் நீர் வந்தது. உடனே எழுந்தாள். விஷயம் தெரிந்துவிட்டதே, இனி என்ன! பன்னிரண்டு அடி நடந்தாள். பதின்மூன்றாவது அடியில் முன்னங்கால் மடங்கி மண்ணில் விழுந்தாள்.

"சிறுத்தை இல்லைன்னு தெரியுது. அப்புறம் ஏண்டா விழுந்தேன்?"

பறவைக்குக் காலைப் பற்றி என்ன தெரியும்! தவிட்டிதான் தன் தொடையைத் திரும்பிப் பார்த்தாள். எலும்பின் மேல் தோல் தொங்கியது. தெரிந்துகொண்டது தலை. ஏற வேண்டியது கால்.

"மூணு தடவை எழுந்து மூணு தடவை படுக்கறேன். நீ எண்ணு," என்றாள்.

"வெறும் மூணா?"

"மூணுதான்."

பகடி எண்ணினான். ஒன்றை மந்தி வைத்தியர் குரலில், இரண்டைப் பன்றி குரலில், மூன்றை ஆமை குரலில். ஒவ்வொரு தடவையும் இடுப்பு, "உடைஞ்சு போச்சு! செத்தே!" என்று கத்தியது. "இப்போ என்னக்கா சொல்றான் உள்ளே இருக்கறவன்?" என்று கேட்டு, அதையே பகடி தவளைக் குரலில் திருப்பிச் சொன்னான்: "உடைஞ்ச்சு... போச்ச்சு... செத்த்தே!" தவிட்டி சிரித்துவிட்டாள். விலா வலித்தது. ஆனாலும் சிரித்தாள்.

மூன்று நான்காயிற்று. நான்கு ஆறாயிற்று. சின்னப் பாறை ஒன்றின் மேல் முன்னங்கால் வைத்து ஏறி இறங்கினாள். ஒருநாள் உடம்பு லேசாக இருந்தது. ஆசை யாரை விட்டது? இருபது தடவை எழுந்து படுத்தாள். அதற்கு விலையாக ஐந்து நாள் படுக்கையிலேயே போயிற்று. அதிலிருந்து இரண்டு பேரும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்: நல்ல நாளில் கூட்டாதே, கெட்ட நாளில் விடாதே. கெட்ட நாட்களே நிறைய வந்தன. அந்த நாட்களில் ஒரே ஒரு தடவை எழுந்து, அழுதுகொண்டே படுப்பாள். வலி போயிற்றா? இல்லை. ஒரு நாளும் போகவில்லை.

"இன்னும் ஒரு மாசம் கிடைச்சா ஏறிருவேன்டா," என்றாள்.

கிடைக்கவில்லை. ஒரு யானைக் கூட்டம் வந்து, குடித்து, குளித்து, சேற்றைக் கலக்கிவிட்டுப் போயிற்று. விடிந்தபோது யானைப்பாறையின் அடி தெரிந்தது.

நெட்டச்சி கிளம்பினாள். கூட்டமும் கிளம்பியது. கூரி மட்டும் ஒரு நிமிடம் நின்றாள். அவள் காலடியில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

"உன்னால முடியுமாடி?"

"தெரியலை அக்கா. மெதுவா வரேன்."

"எனக்குக் குட்டி இருக்குடி. நான் நிக்க முடியாது."

"நான் நிக்கச் சொல்லலையே."

கூரி போனாள். அவர்கள் அரை நாளில் ஏறும் மேட்டில் தவிட்டி தனியாகக் கால் வைத்தாள். முப்பது அடி. நின்றாள். முப்பது அடி. நின்றாள். களைத்த பிறகு நிற்கவில்லை, களைக்கும் முன்பே நின்றாள். பகடி மரத்துக்கு மரம் தாவி எண்ணிக்கொண்டே வந்தான். முதல் நாள் கால் மலை. இரண்டாம் நாள் அரை மலை. கீழே பள்ளத்தில் செந்நாய்களின் சீழ்க்கை கேட்டது.

"அது நீயாடா?"

"நான் இல்லை அக்கா," என்றான் பகடி. அந்தச் சின்னச் சொந்தக் குரலில்.

மூன்றாம் நாள் காலை மரங்கள் முடிந்தன. அதற்கு மேல் மொட்டைப் பாறை. பகடி கடைசி மரத்தின் கடைசிக் கிளையில் நின்றுவிட்டான்.

"இதுக்கு மேலே ஒதுங்க இடமில்லை அக்கா. வல்லூறு சுத்துது."

"சரி. நீ போ."

"அக்கா, நான் அன்னைக்கு அந்தச் சிறுத்தைக் குரல்..."

"போடா. எண்ணத் தெரியும் எனக்கு."

அவள் ஏறினாள். பாறை அடுப்புக்கல்லாய்ச் சுட்டது. உள்ளே இருந்தவன் தொண்டை கிழியக் கத்தினான். கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால், எல்லா இடத்திலும் சிறுத்தை. ஒரு தடவை தவளைக் குரலில் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். நன்றாக வரவில்லை. அவள் என்ன கரிச்சானா! பின்னங்காலில் மட்டும் ஒரு வலி புதுசாகக் குத்தியது. நின்று, திரும்பி, பார்த்தாள். குளம்பு இடுக்கில் முள். அதைப் பல்லால் பிடுங்கித் துப்பினாள். மற்ற இடங்களையும் பார்த்தாள். அங்கெல்லாம் ஒன்றுமில்லை, வலி மட்டும் இருந்தது. அந்த வலியோடு அடுத்த முப்பது அடி வைத்தாள்.

இடையில் ஒரு இடத்தில் படுத்துவிட்டாள். இங்கேயே செத்தால் என்ன என்று தோன்றியது. செந்நாய் வந்தால் ஒரே வலி, அதோடு சரி. அந்த நினைப்பு வெகுநேரம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அவளைத் தூக்கிவிட அங்கே யாரும் இல்லை. முன்னங்காலை மடக்கினாள், பின்னங்காலை ஊன்றினாள். எழுந்து பழகிய கால்கள் எழுந்தன.

சாயங்காலம் உச்சிக்கு வந்தாள். சுனை கிடந்தது. கூட்டம் இல்லை.

சுனையில் இருந்ததே கொஞ்சம் தண்ணீர், அதையும் கூட்டம் குடித்துத் தீர்த்திருந்தது. நெட்டச்சி அவர்களை அடுத்த மலைக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தாள். தூரத்துச் சரிவில் எறும்பு வரிசை மாதிரி அவர்கள் போவது தெரிந்தது. தவிட்டி தொண்டை கிழியக் கூப்பிட்டாள். ஒரு புள்ளிகூட நிற்கவில்லை.

சுனையைச் சுற்றிச் சேறு முழுக்கக் குளம்புத் தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் ஒரு வாய் தண்ணீர் ஊறி நின்றது. அதில் எது அக்காவின் தடம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தேடிப் பார்க்கத் தாகம் விடவும் இல்லை. வலிக்கிற கழுத்தை மெதுவாகத் தாழ்த்தி, முதல் தடத்தில் வாய் வைத்துக் குடித்தாள். பிறகு அடுத்த தடம். பிறகு அதற்கடுத்த தடம்.

வலி மெய்தான், ஆனால் அது அலறும் ஆபத்தெல்லாம் மெய்யல்ல. அதை அறிந்த தலையும் அன்றாடம் கொஞ்சம் பழகிய காலும் சேர்ந்தால்தான், வலி போகாவிட்டாலும் தண்ணீர் வரைக்கும் போகலாம்.