ஜெசிந்தாவின் மின்விசிறி

"இந்தப் பிள்ளைக்கு என்னால சொல்லித்தர முடியாது டீச்சர்," என்றார் குற்றாலிங்கம்.

"என்ன ஆச்சு சார்?" என்றாள் மெஹருன்னிசா.

"மாமரம் வரையச் சொன்னேன். ஃபேன் வரைஞ்சா. பூனை வரையச் சொன்னேன். ஃபேன். சரி, உன் இஷ்டத்துக்கு எதையாவது வரைன்னு சொன்னேன்..."

"ஃபேன்."

"ஃபேன்!"

மெஹருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்திரண்டு வயதான அவள் அந்தச் சிறப்புப் பள்ளியில் ஒன்பது வருஷமாக ஓவியம் சொல்லித் தருகிறாள். குற்றாலிங்கம் முப்பத்தைந்து வருஷம் அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல், "இந்தப் பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லித்தரணும்னு எனக்குக் கத்துக்குடுங்க" என்று மகள் வயதுப் பெண்ணிடம் வந்து நின்றார். வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் மூன்று முறை ராஜினாமா செய்துவிட்டார்.

"பிடிச்சதையே வரையட்டுமே சார். விட்டுருங்களேன்."

"நான் விட்டுருவேன். அவ அம்மா முகத்தைப் பாத்தா விட முடியலையே."

ஜெசிந்தாவுக்குப் பத்து வயது. ஆட்டிசம். பேச்சு கிடையாது. யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டாள். அவள் அம்மா ரோஸ்லின் பீடி சுற்றுகிறவள். தினமும் சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட வந்ததும் தாளை வாங்கிப் பார்ப்பாள். "இன்னைக்கும் ஃபேன்தானா சார்?" என்று கேட்டு மடித்துக்கொள்வாள்.

முந்தின நாள் கூடவே இதையும் சொன்னாள்.

"வீட்ல ஒரு பெட்டி நெறைய ஃபேன் கெடக்கு சார். ஒரே ஒரு மனுஷரை வரைஞ்சாப் போதும். நான்தான் வேணும்னு இல்ல. யாரா இருந்தாலும் சரி. நாமல்லாம் இங்க இருக்கோம்னு அவளுக்குத் தெரியுதான்னு பாக்கணும்."

அதைக் கேட்டதிலிருந்துதான் குற்றாலிங்கத்துக்கு இந்தப் புலம்பல்.

மெஹருன்னிசா ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்க ஒரு ஃபேன் வரைங்க சார்."

"நானா?"

"ஏன், வராதா?"

மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டே நிமிஷத்தில் வரைந்து, நிழல் தீட்டி, மூலையில் கையெழுத்தும் போட்டார்.

"ஜெசிந்தாகிட்ட காட்டுங்க."

ஜெசிந்தா பார்த்தாள். ரப்பரை எடுத்தாள். ஒரு இறக்கையை அழித்துவிட்டு, நுனி லேசாக வளைந்த மாதிரி திரும்ப வரைந்தாள்.

குற்றாலிங்கம் அண்ணாந்து பார்த்தார். அந்த வகுப்பறை மின்விசிறியின் ஒரு இறக்கை நுனி வளைந்துதான் இருந்தது.

"கையெழுத்தையும் அழிச்சிட்டா டீச்சர்!"

"நாளையிலேருந்து நீங்க அவகிட்ட படிங்க," என்றாள் மெஹருன்னிசா.

படித்தார். வேறு வழி?

தினமும் ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து மின்விசிறி வரைந்தார். கம்பியில் தொங்கும் ஒட்டடையை விட்டுவிட்டார் என்று அழித்தாள். நடுக் கிண்ணத்தில் இருந்த துருவை விட்டுவிட்டார் என்று அழித்தாள். முதல் நாள் ஐந்து தப்பு. மூன்றாம் நாள் இரண்டு.

ஆறாம் நாள் அவள் ரப்பரைத் தொடவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை உருவி, தாளில் பெரிதாக ஒரு டிக் போட்டாள்.

முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் தாளில் டிக் போட்டவர், சமையற்கட்டு ஆயா வரைக்கும் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்.

"அடுத்து என்ன டீச்சர்?"

மெஹருன்னிசா மின்விசிறியை நிறுத்தினாள். மேசையை இழுத்து அதற்கு நேர் கீழே போட்டாள். டீ குடிக்கப் போய்விட்டாள்.

ஒட்டடை அடிக்கச் சொல்கிறாளோ?

குற்றாலிங்கம் துடைப்பத்தோடு மேசைமேல் ஏறினார். முழங்கால் முனகியது. நிமிர்ந்து நின்று, தற்செயலாகக் கீழே பார்த்தார்.

வகுப்பே வட்டம் வட்டமாக இருந்தது. ரிப்பன் கட்டிய வட்டம், எண்ணெய் வழியும் வட்டம், நடு வகிடு எடுத்த வட்டம்.

துடைப்பத்தைக் கீழே போட்டார். இறங்கினார். ஜெசிந்தாவைத் தூக்கி மேசைமேல் நிறுத்தி, விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, நாமதான் எப்பவும் ஃபேனைப் பாக்குறோம். ஃபேன் எதைப் பாக்குது?"

ஜெசிந்தா மேலே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் மெல்லக் குனிந்து கீழே பார்த்தாள்.

சிரித்தாள். பக்கத்து வகுப்புக்குக் கேட்கிற மாதிரி சிரித்தாள்.

கீழே இறக்கிவிட்டதும் ஓடிப்போய்த் தாளை எடுத்தாள்.

அன்றைக்கு அவள் வரைந்ததில் வட்டங்கள் இருந்தன. நடுவில் இருந்ததுதான் பெரிய வட்டம். அதில் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் முடி, மற்றதெல்லாம் வழுக்கை. வழுக்கையின் நடுவில் சாய்வாக ஒரு கோடு.

குற்றாலிங்கம் தன் உச்சியைத் தடவிப் பார்த்தார். எட்டு வயதில் மரத்திலிருந்து விழுந்த தழும்பு. அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது.

சாயங்காலம் ரோஸ்லின் வந்தாள்.

"இன்னைக்கும் ஃபேன்தானா சார்?"

அவர் தாளை நீட்டினார்.

ரோஸ்லின் பார்த்தாள். திருப்பிப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல ஃபேனைக் காணுமே... இது தலைல்லா? சார், மனுஷத் தலைல்லா?" தாளை அவர் பக்கம் திருப்பினாள். "யாரு சார் இது?"

குற்றாலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு, அவள் முன்னால் தலையைக் குனிந்து காட்டினார்.